ரெனைசான்ஸ் ஃபேருக்கு கில்ட்: எதைக் கட்டுறது, எதுக்குக் காசு போடுறது

ரென் ஃபேருக்கு, அதாவது பழைய காலத்து ஐரோப்பிய ஊர் மாதிரி வேஷம் கட்டி நடத்தற ரெனைசான்ஸ் திருவிழாவுக்கு, கில்ட் (ஸ்காட்லாந்து ஆம்பளைங்க இடுப்புல கட்டற, கொசுவம் வெச்ச பாவாடை மாதிரி உடை) கட்டிட்டு போகணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல குழம்புற இடம் கடைதான். ஆன்லைன்ல கில்ட்னு தேடினா 50 டாலர்லேர்ந்து 700, 800 டாலர் வரைக்கும் வரிசையா வந்து நிக்குது, எல்லாத்துக்கும் பேர் கில்ட்தான், பாதிக்கு மேல கட்டம் போட்ட துணிதான், ஆனா கையில வாங்கிப் பாத்தா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒண்ணு தைக்காத முழுத்துணி, ஒண்ணு டெய்லர் உக்காந்து நாள் கணக்குல கையால தைச்சது, ஒண்ணு பனியன் விலைக்கு வர்ற அக்ரிலிக், ஒண்ணு பக்கத்துக்கு ஒரு பெரிய பாக்கெட் வெச்ச காக்கி கான்வாஸ். இதுல எதை எடுக்கறதுன்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்குறாங்க, டல்லாஸ், ஹூஸ்டன், அட்லாண்டா பக்கம் இருக்கறவங்க முக்கியமா, ஏன்னா அங்கெல்லாம் கார்ல போற தூரத்துலயே பெரிய ஃபேர் இருக்கு.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் காரணத்துக்கு வரேன். ரென் ஃபேருக்குன்னே ஒண்ணு வாங்கறீங்கன்னா தைக்காத முழுத்துணிய பெல்ட் போட்டு கட்டுற கிரேட் கில்ட் எடுங்க. வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுற நாள்னா கில்டையே விட்டுட்டு லினன்ல நீளச் சட்டை தைச்சுப் போடுங்க, அதுவும் அந்தக் காலத்து ஹைலேண்ட் (ஸ்காட்லாந்து மலைநாடு) ஆள் போட்டதுதான். டெய்லர் கில்ட் ரொம்ப அழகு, ஆனா அதைச் சேத்துலயும் வைக்கோல்லயும் இழுத்துட்டு அலையறதுக்கு எனக்கு மனசு வராது.

காரணம் புரியணும்னா இந்த ஃபேர் எந்தக் காலத்தைக் காட்டுதுன்னு கொஞ்சம் பாக்கணும். அமெரிக்கால இது ஆரம்பிச்சது 1963 மே மாசம், நார்த் ஹாலிவுட்ல, ஃபில்லிஸ் பேட்டர்சனும் ரான் பேட்டர்சனும் கேபிஎஃப்கே ரேடியோவுக்கு நிதி திரட்ட ஒரு வீக்கெண்ட் நடத்தினாங்க, அதைப் பாத்துதான் மத்த ஊர்ல எல்லாம் பரவுச்சு. மினசோட்டால 1971, டெக்சாஸ்ல டாட் மிஷன்ல 1974. பெரும்பாலான ஃபேர் இங்கிலாந்து டியூடர் காலத்தை எடுத்துக்கும். மேரிலேண்ட்ல எட்டாம் ஹென்றி ராஜா, விஸ்கான்சின்ல கெனோஷா பக்கத்துல நடக்கற பிரிஸ்டல் ஃபேர்ல 1574-ம் வருஷம், முதலாம் எலிசபெத் ராணி ஊருக்கு வர்ற நாள். அதாவது நாம பேசறது 16-ம் நூற்றாண்டு. அந்த நூற்றாண்டுல ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரன் என்ன போட்டிருந்தான்?

இதுக்கு நல்ல ஆதாரம் இருக்குங்க. 1521-ல ஜான் மேஜர்னு ஒரு ஸ்காட்லாந்து அறிஞர் எழுதறப்போ ஹைலேண்ட் ஆளுங்களுக்கு கால் பாதிலேர்ந்து கீழ ஒண்ணும் கிடையாது, குங்குமப்பூ மஞ்சள்ல ஒரு சட்டை, மேல ஒரு போர்வைன்னு சொல்றார். 1538-ல அஞ்சாம் ஜேம்ஸ் ராஜாவோட கஜானா கணக்குல அவர் காலுறை தைக்கறதுக்கு ஹைலேண்ட் டார்டன் (கட்டம் போட்ட கம்பளி) துணி வாங்கினதா ஒரு பதிவு இருக்கு, கவனிங்க, அது கில்ட் இல்ல, கால்ல ஒட்டிக்கிட்டு நிக்கற மாதிரி தைச்சது. 1582-ல ஜார்ஜ் புக்கனன்னு இன்னொரு ஸ்காட்லாந்து அறிஞர், ஹைலேண்ட் ஆளுங்களுக்குப் பல கலர் துணி, முக்கியமா கோடு போட்டது பிடிக்கும்னும், ஆனா இப்ப பெரும்பாலானவங்க பழுப்புக்கு மாறிட்டாங்க, ஏன்னா அந்த ஹெதர் செடிக்குள்ள படுத்துக் கெடந்தா கண்ணுக்குத் தெரியாதுன்னும் எழுதறார். கடைசியா 1594-ல அயர்லாந்துக்குக் கூலிப்படையா வந்த ஹெப்ரிடீஸ் தீவு ஆளுங்களைப் பத்தி ஒரு ஐரிஷ் எழுத்தாளர் சொல்றப்போதான் பல கலர் போர்வையை உடம்பைச் சுத்திக் கட்டி, அதுக்கு மேலயே பெல்ட் போட்டிருந்தாங்கன்னு வருது. துணிக்கு வெளிப்பக்கம் பெல்ட், அதான் கிரேட் கில்டுக்கு அடையாளம், கில்டைப் பத்தி நமக்குக் கெடச்சிருக்கற முதல் தெளிவான வர்ணனையா பொதுவா சொல்றது இதைத்தான்.

எலிசபெத் ராணி செத்தது 1603. அப்போ கிரேட் கில்ட் அந்த ராணி காலத்துக்குள்ள வந்துடுது, கடைசி பத்து வருஷத்துல வந்தாலும் வந்துடுது. இப்ப கடைல தொங்குற மத்த கில்ட் எதுவும் வராது. இடுப்புக்குக் கீழ மட்டும் வர்ற சின்ன கில்ட் 18-ம் நூற்றாண்டு சமாச்சாரம். கொசுவத்தைத் தைச்சு நிறுத்துன கில்ட் 1790-களுக்கு அப்புறம்தான் கண்ணுல படுது. குலத்துக்கு ஒரு டார்டன்னு சொல்றதெல்லாம் 19-ம் நூற்றாண்டு, 1822-ல நாலாம் ஜார்ஜ் ராஜா எடின்பரோ வந்தப்போ எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு பண்ண கொண்டாட்டத்துக்கு அப்புறம் பிடிச்ச சூடு. ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸ் மாதிரி வரேன்னு கில்ட் கட்டறவங்க நிறைய பேர், வாலஸ் செத்தது 1305, அவருக்கும் கில்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 300 வருஷம் இருக்கு.

சரி, ஃபேருக்கு வர்ற விசிட்டர் என்ன போடணும்னு யாரும் கட்டாயப்படுத்தறதில்ல, ஜீன்ஸ்ல வந்தாலும் டிக்கெட் கொடுத்து உள்ள விடுவாங்க. வரலாறு எனக்கெதுக்குன்னு நீங்க கேக்கலாம். ஆனா அதிசயம் என்னன்னா வரலாற்றுக்குச் சரியா இருக்கறதேதான் சௌகரியத்துக்கும் காசுக்கும் சரியா வருது, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கிரேட் கில்ட்னா என்ன, சுமார் 4.5 கஜ நீளம், 54லேர்ந்து 60 இஞ்ச் அகலம், அவ்வளவுதான், தையல் கிடையாது. அந்தக் காலத்துல தறி அகலம் கம்மி, அதனால 9 கஜத் துணிய ரெண்டா வெட்டி நீளவாக்குல சேத்துத் தைச்சுக்குவாங்க, இப்ப கடைல அகலமாவே கிடைக்கறதால அந்த வேலை மிச்சம். துணிய விரிச்சு நடுப்பகுதிய கொசுவம் வெச்சு, ரெண்டு ஓரத்துலயும் முன்பக்கம் மூடறதுக்குக் கொசுவம் இல்லாம விட்டு, அடியில பெல்ட்டை ஓட்டி, மேல படுத்து ரெண்டு ஓரத்தையும் இழுத்து மூடி பெல்ட்டைப் போட்டா முடிஞ்சுது. எழுந்து நின்னா பெல்ட்டுக்குக் கீழ இருக்கறது கில்ட், மேல தொங்குறதை இடது தோள் மேல எடுத்து ஒரு பின் குத்தலாம், மழை வந்தா தலைக்கு மேல இழுத்துக்கலாம், குளுரா இருந்தா ரெண்டு தோளையும் போத்திக்கலாம், சூடா இருந்தா பின்னாடி பெல்ட்லயே சொருகி விட்டுடலாம். மடிசார் கட்டத் தெரிஞ்ச பாட்டி வீட்டுல இருந்தாங்கன்னா இதைப் பாத்த உடனே புரிஞ்சுக்குவாங்க, அதே 9 கஜம், அதே மாதிரி தையலே இல்லாம உடம்பு தாங்கி நிறுத்தற கட்டு, கொசுவத்தை ஒரே அளவுல எடுக்கற கைப்பழக்கம் நம்ம வீடுகள்ல ஏற்கனவே இருக்கு, அதை ஒரு பெரிய பலமாவே நான் பாக்கறேன்.

படுத்து எழுந்திருக்கறதுதான் எல்லாரையும் பயமுறுத்துது. டாட் மிஷன்ல புல்லும் மண்ணுமா இருக்கற பார்க்கிங்ல போர்வைய விரிச்சுப் படுக்க யாருக்கும் பிடிக்காது, நியாயம்தான். அதுக்கு வழி இருக்கு. இடுப்பு வர்ற இடத்துல துணியோட உள்பக்கம் வரிசையா சின்னச் சின்ன லூப் தைச்சு அதுல ஒரு கயிறு கோத்துடுங்க, பாவாடை நாடா இழுக்கற மாதிரி இழுத்தா கொசுவம் தானா வந்து சேரும், இடுப்புல முடி போட்டு மேல பெல்ட் போட்டா நின்ன வாக்குலயே அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். இது ஏமாத்து வேலைன்னு சில பேர் சொல்வாங்க, கேக்காதீங்க, 1822 காலத்துத் துணி ஒண்ணுல இதே மாதிரி உள்பக்கம் லூப் வெச்சுத் தைச்சது இன்னைக்கும் இருக்கு. லூப்பை எங்க தைக்கணும்னா, கீழ் ஓரத்துலேர்ந்து உங்க முட்டிக்கும் இடுப்புக்கும் உள்ள தூரம், பெரும்பாலும் 23, 24 இஞ்ச் வரும், உங்களுக்கு அளந்து பாத்துக்கங்க. கீழ் ஓரம் முட்டிச் சில்லு நடுவுல நிக்கணும், அதைவிட எறங்கினா நடக்கறப்போ பாவாடை மாதிரி தட்டும், கிரேட் கில்ட் கொஞ்சம் மேல ஏறி இருந்தா தப்பே இல்ல.

பெல்ட் முக்கியம், இதுல கஞ்சத்தனம் வேண்டாம். 2 இஞ்ச்சுக்குக் கம்மியா இருக்கற பேண்ட் பெல்ட் போட்டா துணி கனத்துக்கு இடுப்புல வெட்டும், மத்தியானத்துக்குள்ள துணி நழுவ ஆரம்பிச்சிடும். அகலமான தோல் பெல்ட், கெட்டியான பக்கிள், இது ஒண்ணு இருந்தா மத்ததெல்லாம் நிக்கும்.

இப்ப டெய்லர் கில்டோட பக்கம் வரேன், ஏன்னா நிறைய பேர் ஒரேயடியா நல்லதா வாங்கிடலாம்னு அங்கதான் போறாங்க. 8 கஜ கில்ட்னு சொல்றாங்களே, அது ஒத்தை அகலத்துல 8 கஜம், அதாவது இரட்டை அகலத் துணில 4 கஜம். கிரேட் கில்டுக்கு 4.5 கஜம். ரெண்டுக்கும் துணி ஏறக்குறைய ஒண்ணுதான்! கஜத்துக்கு 16 அவுன்ஸ் எடை உள்ள கம்பளின்னா 8 கஜ கில்ட் 64 அவுன்ஸ், சுமார் 1.8 கிலோ, கிரேட் கில்ட் 72 அவுன்ஸ், சுமார் 2 கிலோ. அப்போ நீங்க அதிகமா கொடுக்கற காசு முழுக்க தையல் கூலி. அந்தக் கூலி நியாயமானது, டார்டன்ல ஒவ்வொரு கொசுவத்துலயும் கட்டம் உடையாம அப்படியே தொடர்ச்சியா வர்ற மாதிரி அளந்து மடிச்சு, இடுப்புப் பக்கம் குறுக்கி, உள்ள கேன்வாஸ் வெச்சு கையால தைக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல, ஸ்காட்லாந்துல அதுக்குன்னே படிச்சு வர்றாங்க. அதை நான் ரொம்ப மதிக்கறேன், மதிக்கறதாலதான் ஃபேருக்கு வேண்டாங்கறேன். கையால தைச்சது 500 டாலருக்கு மேல சாதாரணமா போகுது, உங்க இடுப்புக்கே அளவெடுத்தது, பக்கிள்ல ஒண்ணு ரெண்டு இஞ்ச் மட்டும்தான் கூட்டிக் குறைக்க முடியும், கொஞ்சம் சதை போட்டா அலமாரில தூங்கும். மழைல நனைஞ்சு சேறு பட்டுச்சுன்னா வீட்டுல அலசித் தொங்க விட முடியாது, டிரை க்ளீனிங்ல கொசுவத்தைத் திரும்ப அழுத்தத் தெரிஞ்சவங்க கெடைக்கணும். அதோட பழைய காலத்துச் சட்டை மேல இது ஒட்டவே ஒட்டாது, கூர்மையா நிக்கற கொசுவம் கண்ணுல பட்ட உடனே கல்யாண வீடு ஞாபகம்தான் வரும். ஏற்கனவே ஒண்ணு வெச்சிருக்கீங்க, பைப் பேண்ட்ல வாசிக்கறீங்க, இல்ல ஃபேர்ல ஹைலேண்ட் கேம்ஸ் நடக்கற வீக்கெண்டுக்குப் போறீங்கன்னா தாராளமா கட்டிட்டு வாங்க, அந்த நாள்ல அது பொருத்தம்தான். இதுக்குன்னே புதுசா வாங்காதீங்க.

அக்ரிலிக் கில்ட் பத்தி சுருக்கமா. விலை 100 டாலருக்குள்ள, பெரும்பாலும் பாகிஸ்தான்ல சியால்கோட்டுலேர்ந்து வருது, அந்த ஊர்ல பேக்பைப்பும் செய்யறாங்க, கில்டும் தைக்கறாங்க. தையலைக் குறை சொல்ல மாட்டேன், துணியத்தான் சொல்றேன். அக்ரிலிக் காத்து போகாது, வேர்த்தா உடம்புல ஒட்டும், கொசுவம் ரெண்டு தடவை உக்காந்தா போச்சு. இதெல்லாத்தையும் விட முக்கியம் நெருப்பு. ஃபேர்ல கொல்லன் பட்டறைல பொறி பறக்கும், ஒரு பக்கம் நெருப்பு விழுங்கறவன் வித்தை காட்டுவான், சாயங்காலம் கேம்ப் கிரவுண்ட்ல எல்லாரும் தீ மூட்டிச் சுத்தி உக்காருவாங்க. கம்பளில பொறி பட்டா கருகி நின்னுடும், அக்ரிலிக் உருகிச் சொட்டி தோல்ல ஒட்டிக்கும். குழந்தைங்களுக்கு கில்ட் கட்டறவங்க இதை ரெண்டு தடவை யோசிங்க. கம்பளிக்குக் காசு பத்தலன்னா பாலியஸ்டர் விஸ்கோஸ் கலந்தது வருது, அது துவைக்க ஈஸி, பாக்கவும் கம்பளி மாதிரியே இருக்கும், ஆனா நெருப்புக்கிட்ட அதுவும் கம்பளி ஆகாது, பாத்து உக்காரணும்.

யூட்டிலிட்டி கில்டை நான் கேவலமா பேச மாட்டேன், அதுக்குன்னு உயிரைக் கொடுக்கற கூட்டம் ஃபேர்ல இருக்கு. 2000-ல சியாட்டில்ல யூட்டிலிகில்ட்ஸ் ஆரம்பிச்ச அப்புறம் பரவுன ஸ்டைல் இது, தடிச்ச காட்டன், பிரஸ் பட்டன், போன் வைக்க பர்ஸ் வைக்க பெரிய பாக்கெட். நாள் முழுக்க ஸ்டால்ல நின்னு சாமான் தூக்கறவங்களுக்கும் சின்னப் பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு அலையற அப்பாக்களுக்கும் இதைவிட வசதி கிடையாது, வாஷிங் மெஷின்ல போடலாம், திங்கக்கிழமை தோட்ட வேலைக்கும் கட்டலாம். ஃபேருக்கு வெளியிலயும் கட்டப் போறீங்கன்னா, மத்த எல்லாத்தையும் விட இதுக்குப் போடற காசு வீணாகாது. ஆனா காஸ்ட்யூம்னு பாத்தா இது இந்தக் காலத்து உடைதான், அதை ஒத்துக்கிட்டு மேல நல்ல லினன் சட்டை, தோல் பைன்னு போட்டீங்கன்னா பாக்க நல்லாவே இருக்கும். கறுப்பைவிட பழுப்போ ஆலிவோ எடுங்க. ஃபேர்ல நடிக்கறவங்களோ ஃபேரோட வேஷக்குழுவுல சேந்து வேஷம் கட்டறவங்களோ இதைப் போட முடியாது, அவங்களுக்குத் தனியா உடை விதி இருக்கு.

சின்ன கில்டைத் தைக்காம வெறும் 4 கஜ ஒத்தை அகலத்துல கட்டறதும் ஒரு வழி, இடுப்பு வரைக்கும்தான் வரும், மேல தொங்குற பாரம் இல்ல. 1720-கள்ல தாமஸ் ராலின்சன்னு ஒரு இங்கிலீஷ்காரர், இரும்பு உலை நடத்தினவர், வேலையாளுங்களுக்கு வசதியா மேல்பாதியை வெட்டிட்டார்னு ஒரு கதை உண்டு, 1785-ல அச்சான ஒரு கடிதம்தான் அதுக்கு மூலம், ஸ்காட்லாந்துல இதை ஒத்துக்காதவங்க நிறைய பேர். எப்படி இருந்தாலும் 18-ம் நூற்றாண்டு. ஒரு கிரேட் கில்ட் துணி வாங்கினா அதையே நடுவுல மடிச்சு பெல்ட் போட்டு இப்படியும் கட்டிக்கலாம், அதனால தனியா வாங்க வேண்டியதில்ல.

வெயில் பத்தி சொல்லியே ஆகணும். மினசோட்டால செப்டம்பர் கடைசி, நியூயார்க் பக்கம் ஃபேர் முடியற நேரம், டாட் மிஷன்ல தேங்க்ஸ்கிவிங் வீக்கெண்ட், இதெல்லாம் கம்பளிக்கு ஏத்த நாள், காலைல குளுரும், சாயங்காலம் மறுபடி குளுரும், நடுவுல தோள்துணிய சொருகி விட்டுட்டா போதும். ஆனா டாட் மிஷன்ல அக்டோபர், அட்லாண்டா பக்கத்துல ஃபேர்பர்ன்ல மே மாசம், கொலராடோல லார்க்ஸ்பர் ஜூலை, அங்கெல்லாம் ரெண்டு கிலோ கம்பளிய இடுப்புல கட்டிக்கிட்டு புழுதில நடந்தா தலை சுத்தும், கில்ட் காத்தோட்டமா இருக்கும்னு சொல்றது கால் வரைக்கும்தான் உண்மை, இடுப்பைச் சுத்தி கொசுவம் மேல கொசுவமா அஞ்சாறு அடுக்கு நிக்குது. இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, 10, 11 அவுன்ஸ் மெல்லிய கம்பளியோ காட்டன் ஃப்ளானலோ எடுக்கறது, காட்டன் ஃப்ளானல் சாதாரணத் துணிக்கடைலயே மலிவா கெடைக்கும், முதல் தடவை கட்டிப் பாக்கறவங்களுக்கு நல்ல ஆரம்பம், மழைல நனைஞ்சா மட்டும் தண்ணிய உறிஞ்சிக்கிட்டு காயவே காயாது. இன்னொரு வழி, எனக்கு ரொம்பப் பிடிச்சது, அந்த மஞ்சள் சட்டை. ஜான் மேஜர் சொன்னாரே குங்குமப்பூ மஞ்சள்ல ஒரு சட்டை, அதை ஹைலேண்ட்லயும் அயர்லாந்துலயும் பேசின கேலிக் மொழில லேய்னன்னு சொல்வாங்க, முட்டி வரைக்கும் வர்ற லினன், கை ரொம்ப அகலமா தொங்கும். ஜெர்மன் ஓவியர் டூரர் 1521-ல ஐரிஷ் போர்வீரங்களையும் குடியானவங்களையும் வரைஞ்ச படம் ஒண்ணு இருக்கு, அதைப் பாத்துத் தைக்கலாம். மேல ஒரு சின்னக் கம்பளிப் போர்வை, இடுப்புல பெல்ட், அவ்வளவுதான், 16-ம் நூற்றாண்டுக்கு இது கிரேட் கில்டைவிடவும் பொருத்தம், வெயிலுக்கும் இதுதான். குறை ஒண்ணு இருக்கு, பாக்கறவங்களுக்கு இது ஸ்காட்டிஷ்னு தெரியாது, கில்ட் கட்டணுங்கற ஆசைலதானே ஆரம்பிச்சோம், அந்த ஆசை இதுல தீராது. ரெண்டும் வெச்சுக்கிட்டா நாளைப் பாத்து எடுத்துக்கலாம், சட்டையை கில்டுக்கு உள்ளயும் போட்டுக்கலாம், அதனால அந்தத் தையல் கூலி வீணாப் போறதில்ல.

அடுத்து எந்த டார்டன். நம்ம ஆளுங்க பெரும்பாலும் தயங்குறது இங்கதான், நாம ஸ்காட்லாந்துக்காரங்க இல்லையே, யாரோட குலத்துத் துணியையோ கட்டினா தப்பாயிடுமோன்னு. இந்தத் தயக்கம் நல்ல மனசுலேர்ந்து வர்றது, ஆனா தடை எதுவும் இல்ல. பால்மோரல் டார்டன் ராஜ குடும்பத்துக்குன்னு ஒதுக்கினது, அதை விட்டுடுங்க, ஒரு குலத்தோட பேர் உள்ளது பிடிச்சா அந்தப் பேர் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கட்டுங்க, யாராவது உரிமையோட வந்து கேட்டா பேச வேண்டி வரும். எல்லாருக்கும் பொதுவா பிளாக் வாட்ச்னு ஒரு டார்டன் இருக்கு, ஊருக்குன்னு மாவட்டத்துக்குன்னு டார்டன் இருக்கு, டெக்சாஸ்ல இருக்கறவங்களுக்கு 1989-லேர்ந்து மாநில டார்டனே ஒண்ணு உண்டு, ப்ளூபானெட்னு பேர், அந்தப் பூவோட நீலம். இருந்தாலும் ஃபேருக்குன்னு வர்றப்போ என் கை போறது புக்கனன் சொன்ன பழுப்புக்குத்தான். கிளென் ஆஃப்ரிக் சதுப்பு நிலத்துல 1980-கள் ஆரம்பத்துல ஒரு துண்டுத் துணி கெடச்சுது, பரிசோதிச்சுப் பாத்து பெரும்பாலும் 1500லேர்ந்து 1600-க்குள்ள நெய்ததுன்னு 2023-ல சொன்னாங்க, ஸ்காட்லாந்துல கெடச்ச டார்டன்லயே பழசு அதுதான்னாங்க. பச்சை, பழுப்பு, கொஞ்சம் சிவப்பு, மஞ்சள். அந்த மாதிரி மங்கின கலர்ல, பெரிய கட்டமா, குலப்பேர் எதுவும் இல்லாத துணி ஒண்ணு எடுத்தீங்கன்னா 16-ம் நூற்றாண்டுக்கும் சரி, யார் மனசும் நோகாது, சேறு பட்டாலும் தெரியாது.

இன்னொண்ணையும் மனசுல வெச்சுக்கங்க. 1746-ல ஜாக்கோபைட் கலகத்தை (பழைய ஸ்டூவர்ட் ராஜ வம்சத்தைத் திரும்பக் கொண்டுவர நடந்தது) அடக்கின கையோட இந்த உடையையே சட்டம் போட்டுத் தடுத்தாங்க, முதல் தடவை பிடிபட்டா ஆறு மாசம் ஜெயில், ரெண்டாவது தடவைன்னா ஏழு வருஷம் கடல் தாண்டி நாடு கடத்தல். 1782-லதான் அது நீங்குச்சு. பாஷையும் உடுப்பும் பறிபோன ஒரு ஜனத்தோட துணி இது, அதைக் கோமாளி வேஷமா கட்டாம ஆசையா கட்டினீங்கன்னா அங்க வர்ற ஸ்காட்டிஷ் வம்சாவளி ஆளுங்களே வந்து கொசுவத்தைச் சரி பண்ணி விடுவாங்க, நான் பாத்திருக்கேன்.

உள்ள என்ன போடறதுன்னு எல்லாரும் கேப்பாங்க, போடுங்க. பாக்ஸர் ஷார்ட்ஸ், தொடை உரசறவங்க நீளமான சைக்கிளிங் ஷார்ட்ஸ். குழந்தைங்க வர்ற இடம், காத்து அடிக்கும், வைக்கோல் கட்டு மேல உக்காரணும், படி ஏறணும். உக்காரறப்போ ரெண்டு கையாலயும் பின்பக்கக் கொசுவத்தைத் தடவி சேத்துக்கிட்டு உக்காருங்க, முட்டிய சேத்து வெச்சுக்கங்க, முன்னாடி தொங்குற பை நடுவுல விழற மாதிரி இருந்தா அதுவே துணிய அழுத்திப் பிடிச்சுக்கும். கில்டைத் தூக்கிப் பாக்கறது வேடிக்கைன்னு நினைக்கற ஆளுங்க அங்கங்க இருக்காங்க, அதைச் சிரிச்சுக்கிட்டுப் பொறுத்துக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்ல, செக்யூரிட்டிய கூப்பிடுங்க.

முன்னாடி தொங்குற, ரோமம் வெச்ச ஸ்போரன்ங்கற பை கல்யாணத்துக்கு, ஃபேருக்கு சுருக்குப்பை மாதிரி இழுத்துக் கட்டற தோல் பை போதும், போன் தெரியாம உள்ள போயிடும். காலுறைல சொருகுற சின்னக் கத்தியும் பின்னால வந்த வழக்கம்தான், கொண்டு போகணும்னா அந்த ஃபேரோட ஆயுத விதியைப் படிச்சுட்டுப் போங்க, பெரும்பாலான இடத்துல உறையோட சேத்துக் கட்டி, உருவ முடியாத மாதிரி இருந்தாதான் உள்ள விடுவாங்க. ஷூ மட்டும் நடக்கறதுக்குப் பாத்துப் போடுங்க, சரளைக்கல்லும் சேறுமா இருக்கும், பழைய லெதர் பூட்ஸ் நல்லது.

பெண்களுக்கு இந்த கில்டே வேணும்னாலும் கட்டலாம், இன்னைக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. பழைய முறைல பெண்கள் கட்டினது அரிசேட்னு இன்னொரு பெரிய துணி, கணுக்கால் வரைக்கும் வரும், நெஞ்சுல ஒரு பெரிய ப்ரூச், 1703-ல மார்ட்டின் மார்ட்டின்னு ஒரு எழுத்தாளர் அதை வெள்ளைல கொஞ்சம் கோடு போட்டதுன்னு வர்ணிக்கறார். இதுக்கும் அதே 4.5 கஜம் போதும், அதனால வீட்டுல ரெண்டு பேர் போறீங்கன்னா ஒரே தானிலேர்ந்து 9 கஜமா வெட்டி வாங்கிடுங்க, விலையும் கொஞ்சம் பேசலாம்.

வாடகைக்கு எடுக்கறது பத்தியும் கேக்குறாங்க. நிறைய ஃபேர்ல வாசல் பக்கத்துலயே காஸ்ட்யூம் வாடகைக் கடை இருக்கும், கில்ட் இருந்தா அங்க எடுத்துப் பாருங்க, ஒரு நாள் கட்டிப் பாக்க நல்ல வழி. கல்யாண கில்ட் வாடகைக் கடைக்குப் போகாதீங்க, சேறு பட்டா டெபாசிட் போயிடும்.

வாங்கறதா முடிவு பண்ணீங்கன்னா ஃபேருக்கு ஒரு மாசம் முன்னாடியே துணிய எடுத்துடுங்க. கம்பளின்னா ஆர்டர் பண்ணி வரவே நாளாகும். ஃப்ளானலைக் கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுடுதண்ணில துவைச்சு சுருக்கிடுங்க, லூப் தைக்கறது ஒரு சாயங்கால வேலை. அப்புறம் வீட்டுல நாலஞ்சு தடவை கட்டிப் பழகுங்க, கட்டிக்கிட்டே மாடிப்படி ஏறி எறங்குங்க, காருக்குள்ள உக்காந்து சீட் பெல்ட் போட்டுப் பாருங்க, தோள்துணி சீட் பெல்ட்டுக்கு அடியில மாட்டிக்கும், அதை மட்டும் கழட்டி மடில போட்டுக்கிட்டு ஓட்டணும்.